லீவில் போன வார்த்தைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், இவர், பட்டாணி மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் உடம்பளவிலும் மற்ற எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. மூன்றுக்கும் சேர்த்து இது ஒரே பதில், அதுவும் ஒரு மாதத் தாமதத்தில். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவிலேயே சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் எனக்கு அழுகை வந்துவிடும். காகிதத்தில் என்றால் நீ எந்த இடத்தில் சிரித்தாய் என்று எனக்குத் தெரியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணி படிப்பது நல்ல பள்ளிக்கூடம். வகுப்பு மிஸ்ஸும் நல்ல மாதிரி. மாதம் ஒருமுறை ஒரு நீல ஃபைல் வீட்டுக்கு வரும். பிள்ளை எழுதிய தாள், நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவம், சுற்றறிக்கை என்று சகலமும் அதில்தான். போன மாதம் அதைத் திறந்தால் மேலேயே கிளிப் மாட்டிய ஒரு துண்டுச் சீட்டு, சிவப்பு மையில்: ‘ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மாற்றுச் சொற்களைப் பழகவும்.’ அதற்கு அடியிலேயே ஒரு சுற்றறிக்கை: மொழியில் கூடுதல் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு விரைவில் வாய்மொழித் தேர்வு, அதன் பிறகு அவர்கள் மாடியில் தனி அறைக்கு மாற்றப்படுவார்கள். அதற்குமேல் ஃபைலைப் புரட்டவே இல்லை அக்கா. உனக்குத்தான் தெரியுமே, முதல் வகுப்பு முழுக்கப் பட்டாணி பள்ளியில் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். இந்த வருஷம் பக்கத்தில் ஒரு பின்னல்காரி வந்து உட்கார்ந்தாள், நல்ல பெண், ஓயாமல் பேசுவாள், அவளோடு சண்டை போடுவதற்காகவே இவள் பேச ஆரம்பித்தாள். இப்போது அந்தப் பின்னலையும் இவளையும் பிரித்து மாடிக்கு அனுப்பினால் திரும்பவும் வாயைப் பூட்டிக்கொள்வாளே என்றுதான் எனக்குப் பயம். சின்ன வயதில் என் கட்டுரைகளை எல்லாம் நீதான் எழுதிக் கொடுத்தாய். என் பெண்ணுக்கு எழுதித் தர யார் இருக்கிறார்கள், சொல்.

இவரிடம் சீட்டைக் காட்டினேன். இவர் தொழிற்சாலையில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று டியூட்டி சார்ட் போடுகிறவர் அல்லவா, உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் ஸ்கேலைத்தான் தேடுவார். "இதுல என்ன இருக்கு? ஒரே ஆளு ஓவர்டைம் பாத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு லீவு குடு, மத்தவன் தானா வேலைக்கு வருவான்" என்று சொல்லிவிட்டு, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார். இடது பக்கம் லீவில் இருக்கும் வார்த்தை. வலது பக்கம் பதிலாள். லீவில் இருக்கும் வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. பதிலாட்கள் வரிசைப்படி வேலைக்கு வர வேண்டும், ஒரே ஆளை இரண்டு தடவை கூப்பிடக் கூடாது. எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. நான் வேதியியல் படித்தவள், சமன்பாட்டில் இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒன்று என்று நம்பியே வளர்ந்தவள்.

முதல் வாரம் லீவில் போனது ‘சாப்பிடு’. பதிலாட்கள்: உண், புசி, தின், விழுங்கு, கொறி. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து இவருடைய மேனேஜர் ஏதோ கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் பிஸ்கட் தட்டை வைத்தேன். வாயில் ‘சாப்பிடுங்க’ வரப்பார்த்தது, சார்ட் ஞாபகம் வந்து மென்று முழுங்கிவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். பட்டாணி விடுவாளா? "மாமா, உண்ணுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். "புசிங்க மாமா." இரண்டாவது எடுத்தார். "இன்னொண்ணு தின்னுங்க." அவர் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. இவர் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவள் அதை ‘அடுத்த ஆளைக் கூப்பிடு’ என்று புரிந்துகொண்டு, "சரி மாமா, அப்படியே விழுங்கிடுங்க" என்றாள். மேனேஜர் தண்ணீர் கேட்டார். வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து இவர், "இவளுக்கு ஒண்ணும் குறையில்ல, பதிலாளுங்கதான் சரியில்ல" என்றார்.

எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் முளைத்துவிட்டது அக்கா. ஐந்துக்கும் பொருள் ஒன்றுதான் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. பிறகு ஏன் மூன்றாவதில் அந்த மனிதர் கை நின்றது? பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதே யோசனை. ஆனால் தேர்வு நெருங்குகிறதே, சந்தேகத்துக்கு எங்கே நேரம்?

இரண்டாவது வாரம் ‘செத்துப்போ’ லீவு. இதைப் போடாதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "அதுக்குத்தான் ஸ்டாஃப் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இவர் சவரம் செய்துகொண்டே அடுக்கினார்: இறந்தார், காலமானார், தவறிட்டார், இயற்கை எய்தினார், மண்டையைப் போட்டார். பட்டாணி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். மறுநாள் குளியலறையிலிருந்து கத்துகிறாள், "அம்மா! இங்க ஒரு கரப்பான்பூச்சி இயற்கை எய்தியிருக்கு!" அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். சாயங்காலம் தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கீழ் வீட்டு ஓனரம்மா மேலே வந்தார். வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிறது, அந்த அம்மா இன்னும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இவள் நோட்டோடு எதிரில் போய் நின்று, "ஆன்ட்டி, உங்க வீட்டு அங்கிள் எப்ப மண்டையப் போட்டாரு?" என்று கேட்டாளே பார்க்கணும். இவர் மெதுவாக நழுவி ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தார். ஓனரம்மா அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் அக்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அவரு இருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பாரு. ஊரே ஒரு வருஷமா எங்கிட்ட ‘தவறிட்டாரு’, ‘தவறிட்டாரு’ன்னு காதோரமா சொல்லிட்டுப் போகுது, என்னமோ கைதவறிக் கீழ போட்ட மாதிரி" என்றார். பட்டாணி விடவில்லை. "நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" "நானா? ‘போயிட்டாரு’ம்பேன். கடைக்குப் போயிட்டாருன்னு சொல்ற மாதிரி." இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டாள். வார்த்தையை மட்டும் இல்லை, பக்கத்தில் ‘கீழ் வீட்டு ஆன்ட்டி’ என்றும் எழுதினாள்.

அன்றோடு சார்ட்டின் கதை முடிந்தது. இவள் வார்த்தையை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரத்து வார்த்தை ‘வெட்டு’. என்னோடு தெருவில் வரும்போது கண்ணில் பட்டவரை எல்லாம் நிறுத்தி, "இத நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று விசாரணை. டெய்லர், "துணிய வெட்டுறதுன்னு சொல்லாத பாப்பா, துணி பயந்துரும். கத்தரிக்கிறதுன்னு சொல்லு" என்றார். காய்கறிக்காரம்மா, "பூசணின்னா வெட்டு, வெங்காயம்னா நறுக்கு, ரெண்டையும் மாத்திச் சொன்னா உனக்குச் சமைக்கவே தெரியாதுன்னு அர்த்தம்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சலூன்காரர், "நாங்க வெட்டுறதே இல்ல, திருத்துறோம்" என்றார். பூங்காவில் செடி பராமரிக்கும் மனிதர் இவளுக்காக ஏணியிலிருந்து இறங்கி வந்து, கிளை என்றால் கழிக்கணும், இலை என்றால் கிள்ளணும், பூ என்றால் பறிக்கணும், புல் என்றால் அறுக்கணும் என்று ஒவ்வொன்றையும் செய்தே காட்டினார். பென்சிலைச் சீவுகிறோம், விறகைப் பிளக்கிறோம் என்று இவள் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பால் வாங்கப் போனால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன், இப்போது ஒரு மணி நேரம். திட்டலாம் என்று வாயைத் திறப்பேன், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அடுத்த ஆள் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கே ஆவலாக இருக்கும். போன புதன்கிழமை எலெக்ட்ரீஷியனிடம் நானே கேட்டுவிட்டேன், "வயர் உறையை எடுக்கிறத என்னன்னு சொல்வீங்க?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உரிக்கிறதுங்க" என்றார். பட்டாணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசு வாங்கின மாதிரி வாங்கிக்கொண்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததா, இன்றைக்கு அந்த வாய்மொழித் தேர்வு. வகுப்பு மொத்தத்துக்கும்தான் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் பெற்றோர் வரிசை. கதவு பாதி திறந்திருந்தது, நான் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மிஸ் கேட்டார், "‘வெட்டு’ன்னா வேற என்ன சொல்லலாம்?" எனக்குப் படபடவென்று சந்தோஷம். இருக்கிற வார்த்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதையா கேட்க வேண்டும், பத்து வைத்திருக்கிறாளே! பட்டாணி சொன்னாள், "எத மிஸ்?"

"எதையாவது. சும்மா சொல்லு."

"எதையாவதுன்னா சொல்ல முடியாது மிஸ். துணியா, பூவா, முடியா?"

பின்னல்காரி பின்னாலிருந்து, "ஒண்ணு சொல்லேன்டி!" என்று பல்லைக் கடித்தாள். இவள் அசையவில்லை. மிஸ் அடுத்ததுக்குப் போனார். "சரி, ‘சாப்பிடு’." "யாரு மிஸ் சாப்பிடறாங்க?" மிஸ் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு டிக் போட்டவர், இவளுக்கு மட்டும் நாலு வரி எழுதினார் அக்கா! பத்து வார்த்தை தெரிந்தும் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாளே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? வரும் வழியில், "ஏன்டி, ஒண்ணாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன். "தப்பா ஆயிட்டா, மிஸ் யாருகிட்டயாச்சும் போயி அப்படியே சொல்லிடுவாங்கம்மா. மேனேஜர் மாமா மாதிரி ஆயிடும்" என்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு மிஸ் என்னை வரச்சொல்லியிருக்கிறார். நீல ஃபைலையும் கொண்டுவர வேண்டுமாம். மாடி அறையில் ஜன்னலாவது இருக்கிறதா என்று ஆயாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இருக்கிறதாம், ஆனால் உயரத்தில்.

நல்ல பிள்ளை அக்கா அவள். நல்ல மனசு. எந்தத் தப்பும் அவள் மேல் இல்லை, எல்லாம் நானும் அந்த ஃபிரிட்ஜும் செய்த வேலை. உனக்கு நல்ல யோசனை ஏதாவது தோன்றினால் உடனே எழுது. அத்தானுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் ஓடி விளையாடட்டும், என் கன்னத்தால் அவர்கள் கன்னத்தில் ஒரு இடி. உன் முட்டிவலி உன்னை விட்டு யாராவது ஆகாதவர் வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள,
கலங்கிப்போயிருக்கும் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. காலையில் பள்ளிக்குப் போய் வந்துவிட்டேன், இதை எழுதுவது சாயங்காலம். மிஸ் அந்தத் தேர்வுத் தாளை முதலில் காட்டினார். இவள் பெயருக்கு நேராக எழுதியிருந்த நாலு வரியும் ‘இந்தக் குழந்தை என்னைத் திருப்பிக் கேட்ட கேள்வியை நாளை வகுப்பு முழுக்கக் கேட்க வேண்டும்’ என்பதுதான். மாடியா, எந்த மாடி என்கிறார். சுற்றறிக்கை எல்லா வகுப்புக்கும் போனதாம், இவள் பேச்சே அதில் இல்லையாம். "அப்ப அந்தச் சிவப்புச் சீட்டு?" என்றேன். மிஸ் ஃபைலைப் புரட்டி, சீட்டில் இருந்த கிளிப் அடையாளத்தை ஒரு தாளோடு பொருத்திக் காட்டினார். கிளிப் கழன்று சீட்டு மேலே வந்திருக்கிறது. தாள், ‘உங்கள் குழந்தையைப் பற்றிப் பத்து வரிகள்’ என்று பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவம். என் கையெழுத்து. நல்ல பெண், நல்ல பழக்கம், நல்ல நினைவாற்றல், நல்ல தூக்கம். பத்து வரியில் பதினொரு ‘நல்ல’, பதினொன்றுக்கும் சிவப்பு வட்டம். "உங்க பொண்ணு எப்படிப்பட்டவன்னு இதுல ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார் மிஸ், பாவம், ரொம்ப மரியாதையாக. திங்கட்கிழமைக்குள் திருத்தி எழுதித் தர வேண்டும். இந்தக் கடிதத்தையும் இவர் வாசித்துவிட்டார். அங்கங்கே தெரியும் பென்சில் வட்டங்கள் அவர் போட்டவை, நீ கண்டுகொள்ளாதே. ஃபிரிட்ஜில் புது சார்ட் ஏறிவிட்டது. லீவில்: நல்ல. பயிற்சியில்: அம்மா. வேறு வழியில்லாமல் சற்று முன் பட்டாணியிடமே போய், "‘நல்ல பொண்ணு’ன்னா வேற என்னடி சொல்லலாம்?" என்று கேட்டேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "யாரும்மா அந்தப் பொண்ணு?"