முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?

நியூ ஜெர்ஸியில் நம்மவர் யார் வீடு வாங்கினாலும், பால் காய்ச்சும் நாளில் மூன்று வகையினர் வருவார்கள். வாழ்த்த வருகிறவர்கள், சாப்பிட வருகிறவர்கள், தரையை முகர வருகிறவர். முதல் இரண்டு வகையும் கூட்டமாக வரும். மூன்றாவது ஒற்றையாகத்தான் வரும். ஒன்றே போதும்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் வீட்டுப் பெண்ணோ வேறு யாரோ விடிய எழுந்து போட்ட கோலத்தைப் பார்க்க மாட்டார். மாவிலைத் தோரணத்தைப் பார்க்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகைக்கடைக்காரர் வைரத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுக் கேட்பார்:

“முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

“முன்னாடி ஒரு இத்தாலிக்காரங்க இருந்தாங்க சார். நல்ல ஃபேமிலி.”

“அதுக்கு முன்னாடி?”

அவ்வளவுதான். கடன் வாங்கி, கண் விழித்து, ஸ்கூல் நல்லதா, ரயில் பக்கமா என்று ஆயிரம் பார்த்து வீடு வாங்கிய மனிதனுக்கு அதுக்கு முன்னாடி என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? இவருக்குத் தெரியும். யுத்தம் முடிந்த கையோடு அமெரிக்கா முழுக்கப் பெயிண்ட் பண்ணினார்கள், ரேடியோ பண்ணினார்கள், துணி வெளுத்தார்கள், பூச்சிமருந்து காய்ச்சினார்கள், மிச்சமானதைக் குழி வெட்டி ஊற்றினார்கள், அதன் மேல் மண்ணைப் போட்டார்கள், மண் மேல் புல்லைப் போட்டார்கள், புல் மேல் வீட்டைக் கட்டி அதை நம் தலையில் கட்டினார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். பார்க்க ஆள் இருக்காது.

வெள்ளியங்கிரி இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. பார்சிப்பனியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கணக்கு மென்பொருளைக் கட்டி மேய்ப்பது உத்தியோகம். மற்றவர் வீட்டு மண்ணைப் பற்றிக் கவலைப்படுவது வாழ்க்கை. கலிஃபோர்னியாவில் மைத்துனன் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, பக்கத்தில் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சில்லு செய்த தொழிற்சாலை இருந்ததைக் கண்டுபிடித்து, இருந்த நாலு நாளும் அவனைத் தூங்கவிடவில்லை. டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் சித்தப்பா மகன் சபரியின் குழந்தைக்குக் காது குத்து. குழந்தை அழுவதற்கு முன் சபரி அழுதான். அந்தப் பக்கத்துக் கேஸ் கிணறுகளைப் பற்றி அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் பாராட்ட வேண்டியதுதானே என்பீர்கள். பொறுங்கள். அவர் குடியிருக்கும் ஊரிலேயே பழைய தொழிற்சாலை நிலத்தை என்ன செய்வது என்று டவுன்ஷிப்பில் கூட்டம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார்களே, அன்றைக்கு இவர் போனாரா?

“அங்க பார்க்கிங் கெடைக்காது.”

குளிர்காலத்தில் தன் பெரிய காரைச் சோபாவில் உட்கார்ந்தபடியே ஸ்டார்ட் செய்து, சீட் சூடாகும் வரை அது புகை கக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, காற்று கெட்டுப்போனதைப் பற்றி வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புகிறவரும் அவரேதான்.

இவருக்கு ஒரு மனைவி. புஷ்பவல்லி, பொள்ளாச்சிப் பக்கம். அதிகம் பேசத் தெரியாதவள். ஆனால் விசேஷ வீட்டுச் சமையலறையில் அரிவாள்மணை ஒன்றும் ஒரு கூடைக் காயும் கொடுத்துவிட்டால் அவளுக்குப் பேச்சே வேண்டாம். வெட்டிக்கொண்டே நாலு பேர் பேசுவதைக் கேட்பாள், சிரிப்பாள், பட்டுப்புடவையில் மஞ்சள் கறையோடு நிறைந்த மனதாக வீடு திரும்புவாள். அதுதான் அவளுக்கு இந்த ஊர். அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் அழைப்புகள் தாமதமாக வந்தன. பிறகு அழைப்புக்குப் பதில் படங்கள் வந்தன. ‘நேத்து சிம்பிளா பண்ணிட்டோம் ஆன்ட்டி’ என்று ஒரு வரி. படத்தில் நூறு தலைகள்.

இன்னும் கூப்பிட மிச்சம் இருந்தது சிநேகிதி ஷ்யாமளா ஒருத்திதான். அவளும் வெஸ்ட் வின்ட்சரில் பழைய வீடு ஒன்றை வாங்கிவிட்டாள். ஆவணியில் கிரகப்பிரவேசம். அழைப்பு வந்த அன்று புஷ்பவல்லி கணவன் முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, மருதமலை முருகன் மேல சத்தியம் பண்ணுங்க.”

“எதுக்கு?”

“அந்தக் கேள்விய அங்க கேக்க மாட்டேன்னு.”

“எந்தக் கேள்வி?”

அவள் அவரையே பார்த்தாள். பதினேழு வயது வான்மதி போனிலிருந்து தலை நிமிராமல், “அப்பா, யூ நோ எக்ஸாக்ட்லி விச் ஒன்” என்றாள்.

“சரி, வாயவே தொறக்கல. போதுமா?” என்றார் வெள்ளியங்கிரி.

போனார்கள். வழக்கம்போலக் கொல்லைப் பந்தலில் காய்த்த புடலங்காய் ஒரு பெரிய பை நிறைய. ‘சுத்தமான மண்ணுங்க’ என்று சொல்லிக் கொடுப்பது அவர் வழக்கம். அன்று அதைக்கூடச் சொல்லாமல் நீட்டினார். புஷ்பவல்லி உள்ளே போய் அதையே நறுக்கிக் கூட்டுக்குப் போட்டாள்.

வாயில் வெற்றிலைச் சாறு தேக்கியவர் போல வெள்ளியங்கிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்தார், வெளிச்சத்தில் பார்த்தார், கேள்வியையும் சேர்த்து விழுங்கினார். மனுஷன் வியர்த்துப்போனார். சமையலறை வாசலில் இருந்து பார்த்த புஷ்பவல்லிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஹோமம் ஆரம்பித்தது. இங்கே நம் வீடுகளில் ஹோமம் என்றால் முதலில் செய்யும் சடங்கு எது தெரியுமா? கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டுவது. ஷ்யாமளாவின் கணவர் பாலசுப்ரமணியன் ஏணி போட்டு எல்லா அலாரத்துக்கும் மாட்டியிருந்தார். சாஸ்திரிகள் நெய்யை ஊற்றினார். புகை சுருண்டு எழுந்தது. அந்த நேரத்தில் வீடே அதிரும்படி ஒரு அலறல்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தொப்பிகள் பத்திரமாக இருந்தன. அலறல் வெள்ளியங்கிரியின் சட்டைப் பையிலிருந்து வந்தது. காற்றை அளக்கும் கருவி. அலறி முடித்து, ஒரு ஆங்கிலேயப் பெண் குரலில், “ஏர் குவாலிட்டி ஹஸார்டஸ்! லீவ் தி ஏரியா!” என்று சாஸ்திரிகளுக்கே உத்தரவு போட்டது. வாயைக் கட்டிய புஷ்பவல்லி பையைக் கட்ட மறந்திருந்தாள்.

“அப்பா, ஓ மை காட், டர்ன் இட் ஆஃப்!”

“வாய் சும்மா இருந்தாலும் பாக்கெட் விடமாட்டேங்குதே சார்!” என்றார் பாலசுப்ரமணியன். வீடு சிரித்தது. நல்ல மனுஷர். ஹோமம் முடிந்ததும் அவரே வெள்ளியங்கிரியின் தோளில் கை போட்டார். “நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே காட்டிடறேன், வாங்க. எல்லாரும் வாங்க.”

கொல்லையில் சுவரோரம் புதிதாக மண் நிரப்பிய இடம். பக்கத்தில் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய் சாத்தியிருந்தது.

“அந்தக் காலத்துல குளிருக்கு ஆயில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டேங்க்கப் பூமில பொதைச்சு வச்சிருக்கான். அப்புறம் கேஸ் வந்துடுத்து, இத மறந்துட்டான். அது உள்ளேயே துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா மண்ணு பூரா எண்ணெய். வெளில தெரியறது இந்தப் பைப் ஒண்ணுதான். இன்ஸ்பெக்டர் சொல்லலைன்னா நான் இதுல துணி காயப்போட்டிருப்பேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பவல்லி சிரிக்கவில்லை. அவள் குழாயைப் பார்த்தாள். இடுப்பு உயரம். தலையில் காளான் மாதிரி ஒரு மூடி.

அவள் வீட்டுக் கொல்லையிலும் சமையலறைச் சுவரோரம் அப்படி ஒன்று நிற்கிறது. வீடு வாங்கிய வருஷமே வெள்ளியங்கிரி அதைத் தட்டிப் பார்த்து, “எவனோ நல்ல மனுசன், பந்தலுக்குன்னே நட்டு வச்சிருக்கான்” என்று மகிழ்ந்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, அதில் கம்பி கட்டித்தான் புடலைக் கொடியை ஏற்றினார். காய் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவதும் அதன் அடியில்தான். அமெரிக்கா முழுக்க மண்ணை முகர்ந்தவர், அதை மட்டும் முகரவில்லை.

உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டு வாளியை யாரோ தூக்கிவிட்டார்கள்.

சொன்னால், இன்னும் கூப்பிடும் இந்த ஒரு வீடும் போய்விடும். இத்தனை வருஷம் இவர்களுக்குப் பை பையாகக் கொடுத்தது எல்லாம் அந்தக் காய். சொல்லாவிட்டால், எல்லோரும் இன்னும் ஒரு நிமிஷத்தில் சாப்பிடுவார்கள். புஷ்பவல்லி வாயைத் திறந்தாள்.

“அந்தக் கூட்ட யாரும் தொடாதீங்க!”

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரியும்.

“ஏன் புஷ்பா, உப்பு ஜாஸ்தியா?” என்றாள் ஷ்யாமளா.

“எங்க வீட்டுப் புடலங்காய்ங்க.” கை குழாயைக் காட்டியது. “எங்க பந்தலுக்கும் கால் இதேதானுங்க. காளான் மூடி, எல்லாம். பச்சப் பெயிண்ட் மட்டும்தான் வித்தியாசம்.”

எல்லாத் தலைகளும் மெதுவாக வெள்ளியங்கிரி பக்கம் திரும்பின. பாலசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சார்… உங்க வீட்ல முன்னாடி என்ன இருந்துச்சு?”

வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்தார். சத்தியம் இருக்கிறதே. அவள் தலையசைத்தாள், பேசலாம் என்று.

“முன்னாடி… ஒரு அயர்லாந்துக்காரர் இருந்தாருங்க. நல்ல ஃபேமிலி.”

“அதுக்கு முன்னாடி?” என்றது கொல்லை மொத்தமும், ஒரே குரலில்.

அதன் பிறகு சிரித்த சிரிப்பில் சாஸ்திரிகள் தூணைப் பிடித்துக்கொண்டார். கூட்டைக் கொட்டிவிட்டு மோர்க்குழம்போடு சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ஷ்யாமளா புஷ்பவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொலுவுக்குக் கட்டாயம் வரணும். காய் மட்டும் எடுத்துண்டு வராதீங்கோ” என்றாள். அந்தக் கதை புஷ்பவல்லிக்கு முன்னால் ஊரைச் சுற்றிவந்தது. கொலுவுக்கு மட்டும் ஒன்பது வீட்டு அழைப்பு. எல்லோருக்கும் புடலைப் பந்தல்காரரை நேரில் பார்க்க வேண்டுமாம்.

டேங்க்கைத் தோண்டி எடுத்து, மண்ணைச் சோதித்தார்கள். ஓட்டை விழவில்லை. விழ இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி என்றார்கள். வெள்ளியங்கிரி முகத்தில் லேசான ஏமாற்றம். வெட்கப்பட்டுத் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறைக்குப் போவதில்லை. நேரே கொல்லைக்குப் போகிறார். “எங்க வீட்லயே ஒண்ணு இருந்துச்சுங்க!” என்று ஆரம்பிக்கிறார், பிள்ளை ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணின மாதிரி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே, ‘அட, நம்ம இன்னார் அப்படியே!’ என்று ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது, அவருக்கு இதை உடனே அனுப்ப வேண்டும் என்று விரலும் துறுதுறுக்கிறது, இல்லையா?

அதுதான் முதல் அறிகுறி. அனுப்புவதற்கு முன், ஒரு நடை கொல்லைப்பக்கம் போய், உங்கள் அவரைக்கொடி எதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.