பொட்டு வைத்த மூலை

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இங்கு பழைய முறைக் கம்ப்யூட்டரில் மட்டுமே பத்திரம் அடித்துத் தரப்படும். புதுமைக்கு இங்கே இடமில்லை."

திருத்தணிப் பத்திர எழுத்தர் வேதாசலம் இந்தப் பிரகடனத்தை லேமினேஷன் போட்டுக் கடை வாசலில் மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. பொத்தான் நடுவில் இருக்கும் புதுத் திரைக்குத் தெருவே தலைவணங்கியபோது தான் ஒருவர் மட்டும் வணங்கவில்லை என்ற கர்வம், இன்று காலை பதினொன்றே காலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆட்டம் கண்டது.

திரையின் இடது மூலையில், ஆயுத பூஜையன்று வைத்த குங்குமப் பொட்டுக்கு நேராக இருக்க வேண்டிய ஸ்டார்ட் பொத்தான், நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

எதிரே கௌரியம்மாள். பெஞ்சின் இரண்டு கோடியிலும் அவள் மகன்கள், பெருமாளும் சுப்பிரமணியும். பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லாத அண்ணன் தம்பி. பாகப்பிரிவினைக்கு இன்று காலைதான் தலையாட்டியிருந்தார்கள். பத்திரம் நேற்றே தயார். திறந்து பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி. பதிவு ஆபீசில் டோக்கன் பன்னிரண்டு மணிக்கு.

"சீக்கிரம் குடு நைனா. இவனுங்க மனசு மாறிடப் போவுது," என்றாள் கௌரியம்மாள்.

வேதாசலம் மவுஸால் பொட்டைக் குறிபார்த்து அமுக்கினார். திருத்தணியில் நாற்பத்தொரு டிகிரி, கடும் வெயில் என்றது திரை.

"பத்திரம் கேட்டா வெயில் சொல்றான்."

நேற்று மிஷினை சர்வீஸ் செய்த உதயாவுக்குப் போன் போட்டார்.

"சர்வீஸ் பண்ணதுல நடுவுக்கு வந்திருக்கும், அத்த அமுக்குங்க சார்," என்றான் உதயா.

"அமுக்கமாட்டேன். இருபது வருஷமா இந்தக் கை மூலைக்குத்தான் போய்கினு இருக்குது. இனிமேலும் அங்கதான் போவும்."

"அப்ப சாயங்காலம் வரேன் சார்."

வேதாசலம் போனை வைத்தார். "நான் நகரமாட்டேன். அது நகரட்டும். ஆளுக்கொரு பக்கம் பிடிங்க."

திரையை இடது பக்கம் தள்ளினால் பொத்தான் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அண்ணனும் தம்பியும் தள்ளினார்கள். பாதித் திரை மேஜையைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. பொத்தான் பழைய இடத்துக்கு வந்தது. பொட்டு வாசல் பக்கம் போய்விட்டது. அவர் கை பொட்டோடு போனது.

நாற்பத்தொரு டிகிரி.

"பொட்ட அழிச்சிட்டு நடுவுல வெச்சிக்கலாமே சார்," என்றான் சுப்பிரமணி.

"நெத்தியில வெக்கறத மூக்குல வெச்சிப்பியா நீ? பின்னாடி இழு."

இழுத்தான். ஒயர் பிடுங்கிக்கொண்டது. திரை இருட்டாகிவிட்டது.

"அன்னிக்கு கெணத்து மோட்டாரயும் இப்படித்தான் இழுத்தே," என்றான் பெருமாள், பன்னிரண்டு வருடம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தையாக.

"மோட்டார் யார் துட்டு?"

"கெணறு யார் தோண்டனது?"

கௌரியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு, மகளுக்கு மலையில் காது குத்திவிட்டு வந்தாள் உதவியாளர் யோகலட்சுமி. ஒயரைச் சொருகினாள். மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். பொத்தான் நகர்ந்து மூலைக்குப் போய்ப் பொட்டுக்கு நேராக நின்றது. பிரிண்டர் ஓடியது. காகிதம் வெளியே வரவர, கிணற்றுச் சண்டை அடங்கியது. பிள்ளைகள் இருவரும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பதிவு ஆபீசுக்குக் கிளம்பக் காத்து நின்றார்கள்.

வேதாசலம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பாத்தியாம்மா? எதுத்து நின்னா அவனே பழைய எடத்துக்கு வந்துதான் ஆவணும்." சொல்லிவிட்டு, வெற்றி வீரராக எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

கௌரியம்மாள் வாசல் போர்டை அண்ணாந்து பார்த்தாள். "உங்க சாரு கெட்டியான ஆளும்மா. கடைசி வரிக்கும் புதுசுக்கு மாறவே இல்ல பாரு."

யோகலட்சுமி பத்திரத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டே சொன்னாள்:

"மிஷினு புதுசுக்கு மாறி ரெண்டு வருஷம் ஆவுதும்மா. பொத்தான மட்டும் நான் அப்பவே மூலைக்குத் தள்ளி வெச்சேன். அந்தப் போர்டையே புதுசுலதான் அடிச்சேன்."