என் வீட்டுக்காரருக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

பக்கத்து வீட்டுக்காரர் மேல் பொறாமைப்படுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் கொஞ்ச நேரமாவது மறந்திருக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பொறாமைப்பட்ட ஆள் என் வீட்டுக் கூடத்திலேயே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் அருணாசலம். எனக்குத் தாலி கட்டியவர்.

(அறுபத்து மூன்று வயதில் புருஷன் மேல் பொறாமையா என்று கேட்பீர்கள். இன்னொரு பெண் விஷயமாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். இது புதன்கிழமை போன் விஷயம். யாரிடம் சொல்வது?)

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் முழுக்க யாரோ யாரோடோ பேச வயரைச் சொருகிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆத்மா. ஓய்வு பெற்றதும் நானும் பேசுவது என்று தீர்மானித்தேன். அப்படி நான் ஆரம்பித்ததுதான் 'புதன் வட்டம்'. என்னைப் போல வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் பதினோரு பேர். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேலே உள்ள அறையில் வாரா வாரம் கூடுவோம். ஆளுக்கு ஒரு வாரம், தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கணக்கு டீச்சராக இருந்த லீலா டீச்சர் மனக்கணக்குச் சொல்லித் தருவார். அந்த அறையை எங்களுக்கு விட்டுக் கொடுத்த கனுபாய், மிளகை முகர்ந்தே அது எந்த மலையில் விளைந்தது என்று சொல்வார். நகரசபையில் மேஸ்திரியாக இருந்த முருகேசன் அண்ணன் குடை ரிப்பேர். நான் வானசாஸ்திரம். சூரியன், சந்திரன், கிரகங்கள். நூலகப் புத்தகங்களைப் பார்த்து நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு போவேன். செயலாளரும் நானே. (தேர்தல் நடக்கவில்லை. நான் நடத்தவில்லை.)

அருணாசலம் அந்த அறைப் படியை மிதித்ததில்லை. தண்ணீர் இலாகாவில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் விடுவார். வீட்டில் அவர் பேச்சு மொத்தம் மூன்று வகை. 'சாயா', 'ஃபேனப் போடு', 'ம்'. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நாலாவது வகை எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

கொரோனா ஊரடங்கு வந்ததும் வட்டம் நின்றது. முதல் வாரமே லீலா டீச்சர் போனில் அழுதார். தனியாக இருப்பவர். "தங்கம், நான் சுவரோடு சம்சாரிக்கான் தொடங்கி" என்றார். சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாராம். முருகேசன் அண்ணன் வீட்டில் இருந்த நாலு குடையையும் பிரித்துப் பிரித்துப் பூட்டியதில் ஒன்றுகூட இப்போது விரியவில்லை என்றார். எனக்குள் இருந்த ஆபரேட்டர் விழித்துக்கொண்டாள். என் போனில் ஒரே நேரத்தில் ஐந்து பேரைக் கோர்க்கலாம். பத்து பேரை இரண்டு பேட்ச்சாகப் பிரித்தேன். புதன்கிழமை நாலு மணி பேட்ச், ஐந்து மணி பேட்ச். ஸ்மார்ட் போன் இல்லாதவர்களும் காதில் வைத்துக் கேட்டால் போதும். எல்லாருடைய நம்பரும் எனக்கு மனப்பாடம். நான் புதன் கிரகம் நடத்தினேன். வெள்ளி நடத்தினேன். அவர்கள் "ம்ம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய் நடத்திக்கொண்டிருந்த அன்று குக்கர் விசில் அடிக்காமல் வேறு என்னமோ மாதிரிச் சீறியது. போனை அவர் கையில் திணித்து, "லைன் கட் ஆகாம பாத்துக்குங்க. சும்மா ஹலோ சொல்லிட்டு இருங்க" என்று அடுப்படிக்கு ஓடினேன். பருப்பைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பப் பத்து நிமிஷம் ஆனது. கூடத்தில் சிரிப்புச் சத்தம். போனுக்குள்ளிருந்து.

"வெளிய போக முடியலன்னு கனுபாய் வருத்தப்பட்டாரு. அதான் பஜார் ரோட்ட ஒருக்கா சுத்திக் காட்டலாம்னு..." என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

அவர் பேச்சாலேயே அவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். படகு ஜெட்டியில் ஆரம்பித்து, சைக்கிள் ஹாண்டில் இரண்டு பக்கச் சுவரிலும் உரசும் சந்து வழியாக, சாயாக்கடை பெஞ்சுக்கு அடியில் இருக்கும் வால்வு வரைக்கும். அதைத் திறக்க வேண்டுமென்றால் சாயா குடிப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டுமாம். இன்னொரு வால்வுக் குழிக்குள் பூனை குட்டி போட்டிருந்ததாம். குட்டிகள் கண் திறக்கும் வரை அந்தத் தெருவுக்கு வேறு பக்கமாகச் சுற்றித் தண்ணீர் விட்டாராம்.

"பின்னே? பூச்ச எந்து செய்தூ?" என்று லீலா டீச்சர் குழந்தை மாதிரிக் கேட்டார்.

எனக்குப் பூனைக் கதை தெரியாது. அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது, "லேட்டாயிடுச்சு."

அத்தோடு செவ்வாய் கிரகம் முடிந்தது. அடுத்த புதன், நான் வியாழனோடு தயாராக உட்கார்ந்திருக்க, பேட்ச் முழுக்க ஒரே குரலில், "அண்ணன் இல்லியா? இன்னிக்கு எந்தத் தெரு?" வியாழன் நம் சூரியக் குடும்பத்திலேயே பெரிய கிரகம். அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. மற்ற நாட்களிலும் போன் அடித்தால் அவருக்குத்தான். கனுபாய்க்கு ஒரு சந்தேகம், முருகேசன் அண்ணனுக்கு ஒரு ஞாபகம். நான் எடுத்து, "ஒரு நிமிஷம், குடுக்கறேன்" என்று சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். பென்ஷன் வாங்கிய பிறகும் எனக்கு அதே வேலை!

பொறாமை வந்தால் மனிதர்கள் இளைப்பார்கள் என்று கேள்வி. எனக்கு நாலு கிலோ ஏறியது. அவர் சாயாவில் சர்க்கரையைக் குறைத்தேன். அவர் போனில் பேசும்போது தேங்காய் துருவினேன், தேவைக்கு மேல். மனுஷன் எதையும் கவனிக்கவில்லை. புதிதாகக் கிடைத்த குரலில் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்தது சனி கிரகம். அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அந்த வளையங்களைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். புதன் மத்தியானம் அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் நாலு மணி பேட்ச்சைக் கோர்த்தேன்.

"அருணாசலேட்டன் எவிடெ?" லீலா டீச்சர்.

"அவருக்குத் தொண்டை சரியில்ல டீச்சர்" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாரும் பதில் பேசாததால், நம்பவில்லையோ என்று பயந்து, "லேசா காய்ச்சல் மாதிரியும் இருக்கு" என்று சேர்த்துவிட்டேன்.

அந்த நாட்களில் தொண்டையையும் காய்ச்சலையும் ஒரே மூச்சில் சொன்னால் என்ன ஆகும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். வானசாஸ்திரம் படித்த எனக்குத் தெரியவில்லை. யாரோ "ஐயோ!" என்றார்கள். ஒவ்வொருவராக லைனை விட்டுப் போனார்கள். சனியின் முதல் வளையத்தை நான் ஆரம்பித்தபோது கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

அரை மணி நேரத்தில் வார்டில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் சினி கூப்பிட்டாள். நாலு பேர் அவளுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். "சேச்சி, சேட்டன் வெளிய எங்கயாவது போனாரா?"

"நேத்து மீன் வாங்க..." என்றேன். பொய்யைச் சொன்ன வாயால் உண்மையையும் சொல்லித் தொலைத்தேன்.

ஆறு மணிக்குள் வாசலில் வண்டி. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் மூன்று பேர். தெரு முழுக்க ஜன்னல்களில் முகம். காலிங் பெல் சத்தத்தில் எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டே கதவைத் திறந்த அருணாசலம், அவர்களைப் பார்த்த அதிர்ச்சியில் எச்சில் புரையேறி இருமினார். இருமினார் என்றால், ஒரு நிமிஷம் நிறுத்தாமல்.

"எத்தன நாளா இருமல்?" என்றது ஒரு வெள்ளை உடுப்பு.

நான் முன்னால் போய், "சார், அவருக்கு ஒண்ணுமே இல்ல. நான் சும்மா சொன்னேன்" என்றேன்.

"பேடிக்கண்டம்மா, பயப்படாதீங்க" என்றார் அவர், மிகவும் அன்பாக. "எல்லாரும் இப்படித்தான் பறயும். மறைச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

மூக்கில் குச்சி விட்டார்கள். கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முடிவு வரும் வரை அவர் முன்னறையில், நான் பின்கட்டில். சுகாதார அலுவலகத்திலிருந்து தினமும் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம், அதனால் வீட்டிலிருந்த ஒரே போன் அவரிடம். ஆக, புதன் வட்டத்தின் செயலாளர், நிறுவனர், ஆபரேட்டர் ஆகிய நான் போன் இல்லாமல் இருந்தேன். அவர் முன்னறையில் போனும் கையுமாக, என்னைத் தவிர மற்ற பத்துப் பேரின் அனுதாபத்தோடும் இருந்தார். புதனுக்காகக்கூட யாரும் காத்திருக்கவில்லை. இனி தினமும் நாலு மணி, ஐந்து மணி. அவர் தனிமையில் சோர்ந்துவிடக் கூடாதாம்!

நான் அவர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு, அதில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர வேண்டும். இரண்டாம் நாள் நாலு மணிக்குச் சாயா வைக்கப் போனவள் நகரவில்லை. மூடிய கதவுக்குள் அவர் குரல் சுள்ளிக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்த இடம்.

"இங்க மூணாவது வால்வு. இந்த லைனுக்கு மட்டும் கால் மணி நேரம் கூடவே விடுவேன்."

"அதெந்தா சேட்டா?" ஸ்பீக்கரில் லீலா டீச்சர்.

"அங்க ஒரு பொண்ணு இருந்தது."

போனுக்குள் ஐந்து பேரும் "ஓ..." என்றார்கள். பொறாமைக்கு அதுவரை இருந்த காரணமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

"மாடி ஜன்னல்ல நிக்கும். தண்ணி நின்னா போதும், தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தும். 'தண்ணிக்காரரே! அரைக் குடம்கூட ரொம்பல!'ன்னு. நான் பயந்துபோய்த் திரும்ப வந்து திறந்து விடுவேன்."

"அப்புறம் அந்தப் பொண்ணு எங்க போச்சு?" முருகேசன் அண்ணன்.

"எங்கயும் போகல. அதத்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் நான் கதவைத் தட்டி, "யாரு கத்தினா? நான் எப்பக் கத்தினேன்?" என்று கேட்டேன். கேட்டேன் என்று நான் சொல்கிறேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"ஆ, கேட்டு கேட்டு" என்றார் லீலா டீச்சர். "இப்போ நல்லா மனசிலாயி."

பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்து அந்தச் சாயாவை நானே குடித்தேன். கல்யாணத்துக்கு முன்பே அவர் என்னைப் பார்த்திருக்கிறார் என்பதை, கதவுக்கு வெளியே நின்று, ஐந்து பேரோடு ஆறாவது ஆளாகத் தெரிந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை முதலில் கேட்டது லீலா டீச்சர் என்பது வயிற்றை எரித்தது.

மறுநாள் காலையில் சினி கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று, வீட்டில் பாலும் காய்கறியும் இருக்கிறதா என்று விசாரித்தாள். போகிற போக்கில், "மீன்கார பாபுச் சேட்டனயும் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க சேச்சி. கடை பூட்டு. ரெண்டு கைக்குழந்தை இருக்கிற வீடு. அந்தச் சேச்சி அழுதுட்டே இருக்கு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அறைக் கதவைத் தட்டி, "நாலு மணிக்கு போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கதவுகிட்ட வைங்க" என்றேன். நாலு மணி பேட்ச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டை பொய், காய்ச்சல் பொய், எனக்குப் பொறாமை. சொல்லிவிட்டு அழுதேன். பிறகுதான் கஷ்டம் புரிந்தது. ஐந்து மணி பேட்ச் பாக்கி! இரண்டு பேட்ச்சாகப் பிரித்த புத்திசாலி நான்தான். ஒரே பாவத்தை ஒரே நாளில் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறை அழுதேன். இரண்டாவது முறை அழுகை சரியாக வரவில்லை. நாலு மணி ஆட்கள் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், ஐந்து மணி ஆட்கள் எனக்கே எடுத்துக் கொடுத்தார்கள்.

போன் அணைந்த பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கேட்டார். "ஏன் தங்கம், சனி கிரகத்துக்காகவா என்ன இந்தப் பாடு படுத்தின?"

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மொட்ட மாடிக்குப் போயிருப்பேன்ல?"

"என்கிட்ட நீங்க பூனையப் பத்திச் சொன்னீங்களா?"

"நீ கேக்கலயே."

அதுவும் உண்மைதான். வயர் சொருகிய காலமெல்லாம் ஊராரை "யார் வேண்டும்?" என்று கேட்ட நான், அவரை ஒரு நாள்கூட, "இன்றைக்கு எந்தத் தெரு?" என்று கேட்டதில்லை. அன்று கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஸ்டூலில் நான். போன் இல்லாமல், எனக்கு மட்டும் ஒரு தெரு சொன்னார். எந்தத் தெரு என்று இங்கே எழுத மாட்டேன். அது புதன் வட்டத்துக்குத் தெரியாது.

முடிவு வந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. பாபுவின் கடையும் திறந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் இன்றுவரை என்னைப் பார்த்தால், "சேச்சீ, சேட்டன்றெ பனி மாறியோ?" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கேட்பார். பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல். லீலா டீச்சர் அதற்குத் 'தங்கப்பனி' என்று பெயரே வைத்துவிட்டார். என் பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், என் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வெறும் தங்கப்பனி. எழுந்து போ" என்கிறாள்.

வட்டம் இப்போது பழையபடி கோடவுன் மாடியில் கூடுகிறது. அவரும் வருகிறார். போன மழைக்காலத்தில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். வர முடியாது என்று லீலா டீச்சருக்குப் போன் செய்தேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் வீட்டுக்காரரை, அவர் இப்போது தனியாக வாங்கி வைத்திருக்கும் போனில் கூப்பிட்டு விசாரித்தார். அவர் தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நூத்தி ஒண்ணு இருக்கு. நானே பாத்தேன்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினார்கள். சாயங்காலம் கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு பத்துப் பேரும் வந்தார்கள். கஞ்சியை என் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் போனார்கள்.