மூக்கு நானாவின் ஹெட்செட்

கருவாடு காயப்போடும் வாடிக்குள்ளேயே நாற்றம் பிடித்த ஆள் என்று குற்றம் சாட்டப்பட்டவர், நான் அறிந்தவரை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கற்பிட்டி மூக்கு நானா. நானா என்றால் எங்களுக்கு அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருப்பது கட்டா மீனா சீலா மீனா, உப்பு எத்தனை நாள் ஊறியது, காயும்போது மழை தூறியதா என்று மூக்கால் சொல்லிவிடுவார். மீனைப் பிடித்தவன் அன்றைக்குப் பல் விளக்கினானா என்பதையும் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. அதை நான் நம்புகிறேன். கெட்ட கருவாடு என்றால் ஒரு சொல் சொல்லி இடப்பக்கம் தள்ளுவார். நல்லதென்றால் வாயே திறக்காமல் வலப்பக்கம் வைப்பார். அந்த மௌனத்துக்காக வாடிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்று மூட்டை தைப்பவன். யாரோடும் பேசக் கூச்சப்படுகிறவன். எனக்கு அவர் பொருத்தமான ஆளாக இருந்தார். ஏனென்றால் காலை முதல் அசர் தொழுகை வரை அவருடைய இரண்டு காதுகளையும் ஒரு பெரிய கறுப்பு ஹெட்செட் மூடியிருக்கும்.

பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மகள் ரிஸ்னா வெளியூரில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். யாராவது காதுகொடுத்துக் கேட்டால்தான் அவளுக்குப் பாடம் மனதில் நிற்குமாம். அதனால் பாடத்தைச் சத்தமாகச் சொல்லி, குரலைப் பதிந்து வாப்பாவின் போனுக்கு அனுப்புவாள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வாப்பா, மீன் பிரித்துக்கொண்டே அதைக் கேட்பார். திங்கட்கிழமை சொன்னதும் வியாழக்கிழமை சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அன்று பின்னேரமே போனில் பிடித்துவிடுவார். சின்ன இயர்போன் கடற்காற்றுக்கும் காகச் சத்தத்துக்கும் தாக்குப்பிடிக்கவில்லை என்று, தன் படிப்பு உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்து அவளே இந்தப் பெரிய ஹெட்செட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

திடீரென்று என் முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் கையை வைத்து, "தம்பி, இது ஸ்கெப்பியூலா" என்பார். பதில் சொல்லத் தேவையில்லாத பேச்சு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்றைக்கும் பதினெட்டு எலும்புகளின் பெயர் தெரியும்.

வினை புத்தளத்து வியாபாரி ஒருவரின் உருவத்தில் வந்தது. அவர் மூட்டையைப் பார்க்கக் குனிந்தார். மூக்கு நானாவும் கூடவே குனிந்தார். வியாபாரி முகத்தைச் சுளித்து, சரக்குப் பழுது என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டார். எங்கள் முதலாளி பதறிப்போய் மூட்டை மூட்டையாக முகர்ந்தார். கடைசியில் மூக்கு நானாவின் தலையை முகர்ந்தார்.

"நானா, கருவாடு நல்லாத்தான் ஈக்கி. ஒங்கட தலதான் பழுதாப் பெய்த்து."

ஒன்றரை வருட வியர்வை அந்த ஹெட்செட்டின் பஞ்சு மெத்தைக்குள் குடியிருந்தது. கரைக்கே மணம் பிடித்துக் கொடுத்த மூக்கு, தனக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் இருந்த நாற்றத்தை அறியவில்லை. நாற்றம் போகும்வரை ஹெட்செட் வாடிக்குள் வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ரிஸ்னாவின் இறுதிச் சோதனைக்குப் பத்து நாள் இருந்தது.

மூக்கு நானா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஹெட்செட்டுக்கு உப்பைத் தடவி, கட்டாக் கருவாட்டுக்கு நடுவில் காயப்போட்டார். ஒரு காகம் வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, எங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்து போனது. விடிந்து பார்த்தால் களப்புக் காற்றின் ஈரத்தையெல்லாம் உப்பு உறிஞ்சி, மெத்தை சொதசொதவென்று இருந்தது. நாற்றம் இரண்டு மடங்கு. அடுத்ததாக அத்தரைப் பூசினார். புத்தளத்திலிருந்து நடந்தே வந்த மாப்பிள்ளை போல மணக்குது என்று முதலாளி திருப்பி அனுப்பினார்.

பாடங்கள் போனில் குவிந்துகொண்டிருந்தன. சத்தமாகப் போட்டால் மகளுடைய குரலை ஊரே கேட்கும். அது அவளுக்குப் பிடிக்காது. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த உப்புத் தொட்டிக்குள் இறங்கி, மேலே ஒரு பலகையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டார். அன்றைக்குக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து மீன் கொண்டுவந்த ஒருவர் தொட்டிப் பக்கம் போனார். தொட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மனிதனுக்குச் சிறுநீரகம் இரண்டு என்றது. மனுசன் கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர் கோட்டை வாசலில்தான் நின்றார்.

தொட்டிக்குள்ளிருந்து வியர்த்து வழிந்து ஏறி வந்த மூக்கு நானா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். எதிரே ஒரு பெண் சீலாவின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக்கொண்டிருந்தாள். நானா அதையே பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, கொடல எடுக்காம உப்புப் போட்டிருக்கேன்டா."

அன்று பின்னேரமே ஹெட்செட்டுக்கு அறுவை நடந்தது. மெத்தைகளை மெதுவாகத் திருகிக் கழற்றினார். உள்ளே வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு, துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, மெத்தையின் மடிப்புக்குள்ளெல்லாம் துடைத்தார். முக்கி எடுக்கவில்லை. முக்கினால் பஞ்சுக்குள் தண்ணீர் நின்று மறுபடி நாறும் என்றார். காதுப் பக்கத்துக் கிண்ணத்தையும் தலைப் பட்டியையும் பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டால் ஒற்றினார். உலர்ந்த துவாயில் வைத்து அமத்தி ஈரத்தை எடுத்தார். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும் என்று, நெத்தலி காய்வது போல நிழலில், காற்று படும் இடத்தில் இரண்டு நாள் வைத்தார். கடைசி இரவு அப்பச் சோடாவைத் துணியில் முடிந்து, அதோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார். பழைய பெனியனை வெட்டி மெத்தைக்கு உறையும் தைத்தார். உறை தினமும் கழுவப்படும். ஹெட்செட் மதிய லுஹர் தொழுகைக்கு ஒரு தடவை கழற்றிக் காற்றாட வைக்கப்படும். அந்தச் சட்டம் இன்றுவரை மாறவில்லை.

ஏழாம் நாள் காலை வாடியில் வேலை நின்றது. முதலாளி ஹெட்செட்டைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். உறையை விலக்கி இன்னொரு முறை முகர்ந்தார். பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். மூக்கு நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

முதலாளி ஒன்றும் பேசவில்லை. அதை எடுத்து வலப்பக்கத்தில், நல்ல கட்டா மூட்டையின் மேல் வைத்தார்.

மீதி மூன்று நாளில் குவிந்து கிடந்த பாடங்கள் அத்தனையையும் நானா கேட்டு முடித்தார். ஈரலில் ஒரு பிழை, இரத்த நாளத்தில் இரண்டு பிழை பிடித்தார். ரிஸ்னா பாஸாகினாள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வாடியில் எல்லோருமே தாங்கள்தான் பாஸாகியது போல நடந்துகொண்டோம். நானும்தான்.

இப்போது அவள் ஒரு ஆசுப்பத்திரியில் வெள்ளைச் சீருடை போட்டு நடக்கிறாள். அனுப்பப் பாடம் எதுவும் இல்லை. ஆனால் மூக்கு நானாவின் தலையில் ஹெட்செட் இன்னும் இருக்கிறது. போன மாதம் என் கூச்சத்தை விட்டு, இப்ப என்ன கேக்குறீங்க நானா என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் மாட்டினார். ஒரு மணமும் இல்லை. போனில் ஒரு பழைய பதிவை அமத்தி ஓடவிட்டுத் திரும்பி மீன் பிரிக்கத் தொடங்கினார். ரிஸ்னாவின் குரல் கை எலும்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், நடுவில் தடுமாறி நின்றது. பிறகு சிரித்தது.

"வாப்பா, கேக்குதா?"

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், காதில் எதுவும் இல்லாமலே, சரியாக அந்த நேரத்தில் சொன்னார்:

"ஓம் மகள். கேக்குது."