சகலை வாங்கிய விமானம்

சகலை விமானம் வாங்கிவிட்டான் என்ற செய்தி வந்தபோது லாரி முதலாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். குடும்பக் குழுவில் படம் வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன விமானம். மூக்கில் நாலு இறக்கை விசிறி. அந்த விசிறியின் மேல் பழைய சிநேகிதன் தோளில் போடுவதுபோலக் கையைப் போட்டுக்கொண்டு சகலை சிரித்துக்கொண்டிருந்தான். கீழே ஒரு வரி: 'நம்ம வீட்டுப் புது வரவு.' முதலாளி பற்பசையை விழுங்கிவிட்டார்.

முப்பத்தெட்டு லாரி வைத்திருக்கிற மனிதர். மனைவியின் தங்கை புருஷனோ கோழிப்பண்ணைக்காரன். ஆரம்பத்தில் சைக்கிளில் முட்டை அட்டை கட்டிக்கொண்டு போனவன். இவர் கார் வாங்கினால் அவன் அதைவிட நீளமான கார் வாங்குவான். இவர் மாடி கட்டினால் அவன் மாடிக்கு லிஃப்ட் வைப்பான். இத்தனை நாளும் தரையில் நடந்த போட்டி, இப்போது ஆகாயத்துக்குப் போய்விட்டது. மனசுக்குள் எரிந்ததற்கு ஆதங்கம், அக்கறை என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அது பொறாமைதான், அதுவும் முதல் தரப் பொறாமை.

வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மனைவி சாப்பாட்டு மேசையில் லாரிக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த லாரிக்கு இன்சூரன்ஸ் முடிகிறது, எதற்குத் தகுதிச் சான்று எடுக்கணும் என்பதெல்லாம் அவள் இலாகா. முதலாளிக்குக் காகிதம் என்றாலே தலைவலி.

"படம் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன நினைக்கிற?"

"வெள்ளை கலரு. சீக்கிரம் அழுக்காகும்."

"நானும் ஒண்ணு வாங்கப் போறேன்."

"வாங்குங்க."

முதலாளி அடுத்த அரைமணி நேரச் சண்டைக்கு வசனம் தயார் செய்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவளுக்குத் தெரியும்: 'வேண்டாம்' என்ற சொல்தான் இவருக்கு டீசல்.

"அவனோடதுல ஒரு இன்ஜின்தான். நான் ரெண்டு இன்ஜின் வச்சது வாங்கறேன். பழசுதான். லாரி மட்டும் என்ன, புதுசாவா வாங்கறோம்?"

"ரெண்டு இன்ஜின்னா பழுதும் ரெண்டாச்சே."

"உனக்கு லாரியைப் பத்தித்தான் தெரியும். இது டர்போபிராப். வெளியே விசிறி, உள்ளே ஜெட். புரியுதா?"

"நீங்க சொன்னா சரிங்க," என்றாள். முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாளே விமானப் புரோக்கர் வந்துவிட்டார். முதலாளியைப் பார்த்ததும் உட்கார்ந்தபடியே கும்பிட்டவர், மனைவி தண்ணீர் கொண்டுவந்ததும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

"பதினோரு லாரி வித்தா வாங்கிடலாம்," என்றார் முதலாளி. அவருக்கு எந்தச் செலவையும் லாரியாக மாற்றினால்தான் விளங்கும். வீடு கட்டியது ஐந்து லாரி. பெண்ணின் படிப்பு ஒன்றேகால் லாரி.

"முதல்ல வண்டியைப் பாக்கலாம்," என்றாள் மனைவி.

விமானம் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. முதலாளி முப்பது வருஷம் லாரி வாங்கி விற்றவர். பழைய வண்டியைப் பார்க்க அவரிடம் ஒரு முறை உண்டு. நேராகப் போய் டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். பக்கத்தில் நின்ற விமான மெக்கானிக் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அடுத்து முதலாளி குனிந்து புகைபோக்கியை முகர்ந்தார். பிறகு பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

"புதுப் பெயின்ட் அடிச்சிருக்கான். எங்கேயோ இடிச்சிருக்கான். சரி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

"கிலோமீட்டர் இல்லீங்க, இதுக்கு மணிக்கணக்கு," என்றார் மெக்கானிக். "ரெண்டு இன்ஜினும் மூவாயிரத்து நானூறு மணி ஓடியிருக்கு. மூவாயிரத்து அறுநூறுல முழுசாப் பிரிச்சுப் பூட்டணும்."

"பிரிச்சுப் பூட்ட எத்தனை லாரி?"

மெக்கானிக் முழித்தார். மனைவி தொகையைக் கேட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டு, "இன்ஜினுக்கு நாலு. ரெண்டுக்கும் சேர்த்து எட்டு லாரிங்க," என்றாள்.

முதலாளி மெக்கானிக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மீட்டரைக் கொஞ்சம் பின்னால திருப்பி வைக்க முடியாதா?"

"அதுக்கு உள்ளே போடுவாங்க," என்று இங்கிருந்தே பதில் சொன்னாள் மனைவி. அவள் கையில் விமானத்தின் பதிவேடு இருந்தது. "இதுல ஒவ்வொரு நட்டுக்கும் தேதி போட்டு ஆள் கையெழுத்து இருக்கு. விசிறியை ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாக்கணுமே, கடைசியா எப்ப பாத்தீங்க?"

"அஞ்சு வருஷம் ஆச்சுங்கம்மா."

"ஓட்டாம சும்மா நிறுத்தி வச்சா?" என்று முதலாளி குறுக்கே புகுந்தார்.

"நிறுத்தி வச்சாலும் கழட்டணும். துருப் பிடிச்சிருக்கான்னு கூடுதலாவும் பாக்கணும்," என்றார் மெக்கானிக்.

ஓட்டினாலும் செலவு, ஓட்டாவிட்டாலும் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். காரில் திரும்பும்போது மனைவி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தாள்.

"வாங்கப் பதினொண்ணு, இன்ஜினுக்கு எட்டு. மீதி பத்தொன்பது லாரி. விமானி சம்பளம், கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ், வருஷாந்திரப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மூணு லாரி. ஆறு வருஷம் கழிச்சு ஒரு லாரி மிஞ்சும். டிரைவர் வைக்க வசதி இருக்காது. நீங்களே ஓட்டிக்கணும்."

"வாடகைக்கு லோடு ஏத்தி எடுத்துட மாட்டேனா?"

"முடியாதுங்க. சொந்த உபயோகம்னு பதிவு பண்ணின விமானத்துல வாடகை லோடு ஏத்தக் கூடாது. ஏத்தினா விமானத்தைப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. வாடகைக்கு ஓட்டணும்னா தனி உரிமம், தனிப் பரிசோதனை, ஆபீஸ், ஆளு, அம்பு."

விமானம் வாங்கும் ஆசை அந்த நிமிஷமே செத்தது. பொறாமை மட்டும் சாகவில்லை. பின் சீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு யோசித்தது. 'பிடிச்சு நிறுத்திடுவாங்க' என்ற சொல் அதற்குத் தேனாக இனித்தது. சகலை போட்ட இன்னொரு படத்தில், விமானத்துக்குள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கோழிக்குஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தார்களே. எவனோ ஒருத்தனுடைய குஞ்சுக்கு வாடகை வாங்கித்தானே சகலை ஏற்றியிருப்பான்?

நமக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகணும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இவருக்கு மூக்கும் போகவேண்டாம். ஒரு மொட்டைக் கடிதாசி போதும்.

லாரிக் கொட்டகை ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று பேனாவை இடது கையில் பிடித்தார். 'ஐயா, முட்டை வியாபாரி ஒருவர் சொந்த விமானம் என்று சொல்லிச் சட்ட விரோதமாக வாடகைக்குக் குஞ்சு ஏற்றுகிறார். நாட்டு நலனில் அக்கறையுள்ள ஒருவன்.' இவ்வளவுதான். எழுத மூன்று மணி நேரம் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து நின்றது. விமானத்தின் வாலில் இருந்த பதிவு எண்ணைப் படத்தைப் பார்த்து எழுதி, நாலு தெரு தள்ளிப் போய்த் தபாலில் போட்டார்.

அதற்கப்புறம் அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. வலியப் போய்ச் சகலைக்குப் போன் போட்டார்.

"என்ன தம்பி, விமானம் நல்லா பறக்குதா?"

"பறக்குதுண்ணே. நீங்க ஒருநாள் வரணும்."

"வராம? பறக்கிற வரைக்கும் பறக்கட்டும் தம்பி," என்று வாழ்த்தினார். இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டார்.

பதினெட்டாம் நாள் வாசலில் தபால்காரர் ஒரு நீள உறையோடு நின்றார். விமானப் போக்குவரத்து இலாகா முத்திரை. கையெழுத்துப் போட்டு வாங்கிய முதலாளிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல ஆகிவிட்டது. எழுதினவனைக் கண்டுபிடித்துவிட்டார்களா? உறையின் மேல் பார்த்தார். மனைவியின் பெயர் இருந்தது. அங்கேயே கிழித்துப் படித்தார்.

'தங்கள் இருவர் பெயரிலும் பதிவாகியுள்ள விமானத்தின் மீது வந்துள்ள புகாருக்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக.' முதல் உரிமையாளர் கொழுந்தியாள். இரண்டாம் உரிமையாளர் இவருடைய மனைவி. முகவரி இந்த வீட்டுக் கதவு எண். கூடவே புகாரின் நகல் ஒன்று இணைத்திருந்தார்கள். எழுத்துகள் நாலு திசையிலும் சாய்ந்து கிடந்தன.

இருபது நாளாக அவர் வயிறு எரிந்தது சொந்த வீட்டு விமானத்தைப் பார்த்து.

"என்னங்க தபால்?" என்று மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாங்கிப் படித்தாள். நகலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் படித்தாள்.

"இது... உன் விமானமா?" முதலாளியின் குரல் கீழே எங்கேயோ கிடந்தது.

"பாதி என்னுது. எங்க அப்பா விட்டுப்போன நிலத்தை வித்தேனே, அந்தப் பணம் பேங்க்ல தூங்குதுன்னு நினைச்சீங்களா? தங்கச்சியோட குஞ்சுப் பொரிப்பகத்துல போன வருஷமே பங்கு போட்டேன். பொரிச்சு ஒரு நாளான குஞ்சு, ரெண்டு நாள் லாரியில போனா பாதி செத்துடுது. ரெண்டு பேரும் சேர்ந்து விமானம் வாங்கினோம்."

"அப்போ சகலை?"

"அவர் படம்தான் எடுத்துக்கிட்டார். மேல ஏறினா வாந்தி எடுப்பார்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா ரெண்டு இன்ஜின் கேட்டிருப்பீங்க."

அன்று புரோக்கர் எழுந்து நின்றது ஏற்கெனவே விமானம் வாங்கிய வாடிக்கையாளருக்கு என்பது முதலாளிக்கு இப்போதுதான் விளங்கியது. "இப்போ... விமானத்தை நிறுத்திடுவாங்களா?"

"எதுக்கு? எங்க குஞ்சு, எங்க விமானம். இதுல வாடகை எங்கே வந்துச்சு? பதில் எழுதிப் போட்டா முடிஞ்சுது."

மேசையிலிருந்த லாரிக் காகிதங்களை ஒதுக்கி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. 'ஐயா, பொறாமை பிடித்த யாரோ ஒருவர்...' "

முதலாளி தலையைக் குனிந்துகொண்டு பேனாவை எடுத்தார்.

"இந்தத் தடவை வலது கையாலயே எழுதுங்க," என்றாள்.