வேன் தப்பித்த வரலாறு

திருநின்றவூர்,
ஞாயிறு காலை.

மகள் வித்யாவின் பிரசவத்துக்காகக் கோவையில் முகாமிட்டிருக்கும் அருமைத் தங்கை வசந்தகுமாரிக்கு, அண்ணன் சுப்பராயன் எழுதிக்கொண்டது. தாயும் சேயும் நலமென்று கேட்ட மகிழ்ச்சியில் இங்கே ஏரி ஓரடி உயர்ந்தது.

நீ மூன்று நாளாகத் தூங்கவில்லையாமே. தூங்கம்மா. ஸ்டேஷனிலிருந்து ஆளேற்றும் வேனை விற்கவில்லை, அதைக் கூட்டாக ஓட்டும் உன் மகன் கோகுல்நாத்தும் மகள் சௌம்யாவும் பிரியவில்லை. சண்டையின் மூலம் உனக்குத் தெரிந்ததுதான். சாயங்கால ரயில் வந்ததும் கோகுல்நாத் இறங்குகிற தலைகளை எண்ணுவான். கூட்டம் எந்த அடுக்குமாடிக்குப் போகிறதோ, அங்கேதான் வேன். சௌம்யாவோ கூட்டம் கலைந்தபின் யார் மிச்சம் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். மூன்று பேர் நின்றால் அந்த மூவரோடு ஏரிக்கரை மனைப்பிரிவுக்குக் கிளம்பிவிடுவாள். "டீசலுக்கே கட்டாது மாமா" என்பான் அவன். "இவன் எண்ணாம விட்டவங்க எப்படிப் போவாங்க?" என்பாள் இவள். வித்துப் பிரிச்சுக்கலாம் என்ற அளவுக்கு முற்றியதும், ஐக்கிய நாடுகள் சபையே கைவிட்ட அந்த வழக்கை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவள் பாதையில் அவன், செவ்வாய் அவன் பாதையில் அவள் என்று தீர்ப்பு. திங்களன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவனிடம், பின்சீட்டிலிருந்த பூக்காரக் கண்ணம்மா, "இன்னா நைனா, மூணு பேர்னு சலிச்சுக்கிற? எங்க தெருவுல நாப்பது பேரு நடந்துகினு கீறோம். தெனம் வருவேன்னு சொல்லு, ஏறாம பூடுவோமா?" என்றாளாம். பையன் அங்கேயே மாத பாஸ் எழுத ஆரம்பித்துவிட்டான். செவ்வாயன்று சௌம்யா பார்த்தது ஏழு மாதக் கர்ப்பிணி ரோஷினியை. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அடுக்குமாடியில் வீடு, ஆனால் இடித்து ஏற முடியாமல் தினமும் கடைசியில் நிற்கிறவள். "பாவம் மாமா, இனிமே அந்தப் பக்கம் நான்தான் ஓட்டுவேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் நாற்பது பேரைக் கண்டான், அவள் ஒருத்தியைக் கண்டாள். எப்படியோ ஆளுக்கொரு ட்ரிப் என்று முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது. இந்த வட்டாரத்தில் இனி சண்டை என்ற சொல்லே கிடையாது.

பேரப்பிள்ளைக்கு என் ஆசிகள் நூறாண்டுக்கு.

அன்பு அண்ணன்,
சுப்பராயன்

பி.கு.: போன வாரம் ஒரு பலவீனமான நேரத்தில், வேன் விலைக்கு இருக்கிறது என்று ஆவடி தரகர் தசரதனிடம் நானே சொல்லித் தொலைத்திருந்தேன். மனுஷன் சற்றுமுன் ரயிலேறி வந்து வாசலில் நின்றார். இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டோம், பயப்படாதே. "பாவம், வீணா அலைஞ்சுட்டார்" என்று சௌம்யா அவரை அதே வேனில் ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட்டாள். ஆனால் வண்டி இன்னும் கிளம்பவில்லை. அவரிடம் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று உள்ளே இரண்டும் கத்திக்கொண்டிருக்கின்றன.