மைனஸ் ஒன்றில் எறிந்த பந்து

மதுரா, கவின், இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் அரைகுறையாகத்தான் சொல்கிறீர்கள். ஆகவே குற்றவாளியான உங்கள் அப்பா நானே எழுதிவிடுகிறேன்.

மதுரா, நீ அப்போது தரம் பதினொன்று. (நான் சாதாரண தரக் கணிதத்தை இரண்டாம் முறை அரும்பொட்டில் தாண்டியவன். அதை அன்று நினைத்துப் பார்க்கவில்லை.) வெள்ளவத்தை ரியூசன் சேர் வீட்டில் செய்துவர ஒரு பேப்பர் தந்திருந்தார். எண்பது புள்ளி எடுத்தால் அவருடைய வகுப்பில் முதலாம் குழு.

ஒரு கேள்வி. இருபது மீற்றர் உயர மொட்டைமாடியில் நின்று ஒருவர் பந்தை மேலே எறிகிறார். t செக்கனில் அதன் உயரம் 20 + 15t − 5t². ஆட்சி என்ன? அதாவது, t எதிலிருந்து எதுவரை போகலாம்? உயரத்தைப் பூச்சியமாக்கித் தீர்த்தாய். 4 வந்தது, −1 உம் வந்தது. நீ 0 முதல் 4 வரை என்று எழுதினாய்.

"மற்ற விடை எங்க?"

"அது சரிவராது அப்பா. எறிய முன்னம் பந்து பறக்காது."

"கஷ்டப்பட்டு எடுத்த விடையை ஆரும் விடுவினமே? அழிச்சுப்போட்டு மைனஸ் ஒண்டில இருந்து எழுது."

மருதானையில் மோட்டர் உதிரிப்பாகம் விற்கிறவன் நான். பெட்டிக்குள் இரண்டு இருந்தால் இரண்டையும் கொடுத்துத்தான் பழக்கம். நீ அழித்தாய்.

எழுபத்தெட்டு வந்தது. அந்தக் கேள்விக்கு இரண்டு புள்ளி வெட்டு. உன்னையும் இழுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். வகுப்பு வாசலில் ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள்.

"ஐயா, மைனஸ் ஒண்டில பந்து எங்க நிக்குது?" என்றார் சேர்.

"நிலத்தில, சேர்." (பிரதியிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.)

"எறியிற ஆள் மாடியில. அப்ப நிலத்தில இருந்து ஆர் எறிஞ்சது?"

"கீழ் வீட்டுக்காரர் எறிஞ்சிருப்பினம்."

வாசல் முழுக்கச் சிரித்தது. சேர் உன் பக்கம் திரும்பினார். "ஏன் பிள்ளை இப்பிடி எழுதினனீர்?"

நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். 'அப்பா சொன்னவர்' என்று இரண்டு சொல் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "கீழ் வீட்டுக்காரரைக் கேட்டனீங்களோ?" என்கிறாய், கவின். கேள், கேள்.

நீங்கள் சொல்லாத பகுதி இது; உங்களுக்கே தெரியாது. மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, பெற்றோர் கையொப்பத்துக்காக வைத்திருந்த அந்தப் பேப்பரை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அழித்த 0 மங்கலாகத் தெரிந்தது. கீழே எழுதினேன்: "முதலில் எழுதிய 0 மகளுடையது. −1 என்னுடையது." கையொப்பம் வைத்து, நானே கொண்டுபோய்ச் சேரிடம் கொடுத்தேன்.